பிள்ளைக்குக் காத்திருப்போர் நாள் கணக்குப் பார்ப்பது எப்படி?

நமக்கு ஒரு கடிதம் வந்தது. ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். ஊரும் பேரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. ஆனால் அவர் எழுதிய விஷயம் நமது தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் வெளியே சொல்ல முடியாமல் அடங்கிக் கிடக்கிற விஷயம். ஆகவே அவர் சம்மதத்தோடு கடிதத்தின் ஒரு பகுதியை இங்கே தருகிறோம்.

"ஐயா, எனக்குக் கல்யாணம் ஆகி மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. வயசு 28 ஆகுது. தோட்டத்துல வெளிக்காட்டு வேலை செய்யறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவாரு. இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கலே. போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க முன்னால அத்தை, 'காய்க்காத மரத்துக்கு எத்தனை நாளைக்குத் தண்ணி ஊத்தறது'ன்னு கேட்டுட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா, பதினாலாம் நாள் சேர்ந்தா நிச்சயம் நிக்கும்னு சொன்னாங்க. எனக்கு 27 நாளைக்கு ஒரு தடவை ஒழுங்கா வந்துரும். அஞ்சாம் நாள் தலைக்குக் குளிப்பேன். குளிச்ச நாள்ல இருந்து எண்ணி, பதினாலாம் நாளுக்கு அவரை லீவு போட்டு வரச் சொன்னேன். மூணு மாசம் வந்தாரு. மூணு மாசமும் ஏமாத்தம்தான். இப்போ அவரே, 'உனக்குத்தான் ஏதோ கோளாறு'ங்கறாரு. ராத்திரியில தூக்கம் வரலே ஐயா."

இந்தச் சகோதரி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். மந்திரித்த கயிற்றையும் தாயத்தையும் மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாமல் நாள் கணக்குப் பார்த்திருக்கிறார். ஆனால் கணக்கு தொடங்கிய இடத்திலேயே ஒரு தவறு நடந்துவிட்டது. அதற்கும் மேலே பெரிய தவறொன்று இருக்கிறது. அது அவருடையது அல்ல. முதலில் கணக்கைச் சரி செய்வோம். பிறகு அதற்கு வருவோம்.

முதல் நாள் எது?

மாதவிலக்கு தொடங்கி இரத்தம் நன்றாகப் படுகிற அந்த நாள்தான் முதல் நாள். குளித்த நாள் அல்ல. இரத்தம் நின்ற நாளும் அல்ல. அந்த நாளில் தொடங்கி, அடுத்த மாதவிலக்கு தொடங்குவதற்கு முந்திய நாள் வரைக்கும் எண்ணினால் எத்தனை நாள் வருகிறதோ அதுதான் உங்கள் 'சுற்று'. சிலருக்கு 26, சிலருக்கு 28, சிலருக்கு 32. எல்லாருக்கும் 28 என்று யாரும் விதித்து வைக்கவில்லை.

பெண்ணின் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் முதிர்ந்து வெளியே வருகிறது. அது எந்த நாளில் வரும் என்பதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு வெகு காலம் பிடித்தது. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில்தான் கருத்தரிக்கும், இடைப்பட்ட நாட்களில் தரிக்காது என்று மேல்நாட்டு மருத்துவர்களே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது தலைகீழான கணக்கு. ஜப்பானில் நீகாதா நகரத்து மருத்துவர் கியுசாக்கு ஓகினோ என்பவர் 1924-ஆம் ஆண்டில் சரியான கணக்கை வெளியிட்டார். ஆஸ்திரியா நாட்டு மருத்துவர் ஹெர்மன் கனவுஸ் என்பவரும் அதே காலத்தில் தனியாக ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்.

ஓகினோ சொன்னதில் முக்கியமான சங்கதி என்ன தெரியுமா? முன்னாலிருந்து எண்ணாதே, பின்னாலிருந்து எண்ணு என்பதுதான். அடுத்த மாதவிலக்கு வருவதற்கு 12 முதல் 16 நாள் முன்பாக முட்டை வெளிப்படுகிறது. சராசரியாக 14 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். 28 நாள் சுற்று உள்ளவருக்கு 14-ஆம் நாள். 32 நாள் உள்ளவருக்கு 18-ஆம் நாள். 26 நாள் உள்ளவருக்கு 12-ஆம் நாள். 'பதினாலாம் நாள்' என்று அந்த அக்கா சொன்னது 28 நாள் சுற்றுக்காரருக்குப் பொருந்தும்; எல்லாருக்கும் பொருந்தாது.

நமது சகோதரியின் கணக்கைப் பார்ப்போம். அவருக்கு 27 நாள் சுற்று. 27-இல் 14 போனால் 13. அவருக்கு முட்டை வெளிப்படுவது 13-ஆம் நாள் வாக்கில். ஆனால் அவர் ஐந்தாம் நாளை முதல் நாளாக வைத்துப் பதினாலு எண்ணினார். சரியான கணக்கில் அது 18-ஆம் நாள். வெளிவந்த முட்டையின் ஆயுள் 12 மணி நேரம்; மிஞ்சிப் போனால் ஒரு நாள். ஐந்து நாள் கழித்து வீட்டுக்காரர் வந்து என்ன பயன்? லோரி போன பிறகு பிரட்டுக்கு வந்து நின்ற கதைதான். பாவம், அந்த மனிதர் சம்பளத்தை விட்டு லீவு போட்டு வந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

ஆறு நாள் கணக்கு

முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான் என்றால் அந்த ஒரு நாளைப் பிடித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று பயப்பட வேண்டாம். ஆணின் விந்தணு, பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரைக்கும் உயிரோடு காத்திருக்கும். முட்டை வந்த பிறகு ஓடுவதைவிட, முட்டை வருமுன்பே போய்க் காத்திருப்பதுதான் நல்லது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பிள்ளைக்கு முயன்ற 221 பெண்களைத் தினந்தோறும் கவனித்து 1995-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அதில் கருத்தரித்தவர்கள் எல்லாருமே, முட்டை வெளிப்பட்ட நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் ஆகிய ஆறு நாட்களுக்குள் சேர்ந்திருந்தவர்கள்தான். முட்டை வெளிப்பட்ட மறுநாளிலிருந்து எதுவும் நிற்கவில்லை. அந்த ஆறு நாளிலும் கடைசி மூன்று நாட்கள் அதிக விசேஷமானவை.

ஆகவே நமது சகோதரிக்கு உரிய நாட்கள் 8-ஆம் நாள் தொடங்கி 13-ஆம் நாள் வரைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வீட்டுக்காரர் வந்து போனால், சில மாதங்களில் அந்த ஆறு நாளும் அவர் இல்லாமலே கழிந்துவிடும்.

நமது பெரியவர்களும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 16 இரவுகள் கருத்தரிக்கும் காலம் என்றும், அதில் முதல் நாலு இரவை விலக்க வேண்டும் என்றும் பழைய சாஸ்திரங்கள் சொல்லும். முழுக்க அது தவறு என்று சொல்ல முடியாது. பலருடைய ஆறு நாள் அதற்குள்ளேதான் வரும். ஆனால் நீண்ட சுற்று உள்ளவர்களுக்கு அது போதாது. இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்கிற பேச்சு மட்டும் வெறும் பேச்சு. அதைப் பார்த்துக்கொண்டு நல்ல நாளைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

காலண்டரில் குறிப்பது

நாலு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். முதல் வழிக்குக் காசே தேவையில்லை.

நம்மவர் வீடுகளில் பெரிய கட்டம் போட்ட குதிரைக் காலண்டர் தொங்குகிறதல்லவா? அதில் மாதவிலக்கின் முதல் நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். இப்படி ஆறு சுற்றுக் குறித்தால் உங்கள் உடம்பின் ஒழுங்கு தெரிந்துவிடும். அந்த ஆறில் மிகக் குறைந்த சுற்று எத்தனை, மிக நீண்ட சுற்று எத்தனை என்று பாருங்கள். குறைந்ததிலிருந்து 18-ஐக் கழியுங்கள். நீண்டதிலிருந்து 11-ஐக் கழியுங்கள். உதாரணமாகக் குறைந்தது 27, நீண்டது 31 என்றால், 27-இல் 18 போக 9. 31-இல் 11 போக 20. ஆக 9-ஆம் நாளிலிருந்து 20-ஆம் நாள் வரைக்கும் உங்களுக்கு முக்கியமான காலம்.

கைத்தொலைபேசியில் இதற்கென்றே செயலிகள் உள்ளன. இளம் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் பல செயலிகள் போன மாதக் கணக்கை வைத்து இந்த மாதத்தை ஊகிப்பவைதான். காய்ச்சல், அலைச்சல், கவலை, இரவு வேலை மாற்றம் என்று ஏதாவது வந்தால் முட்டை வருவது சில நாள் தள்ளிப் போகலாம். அது போனுக்குத் தெரியாது, உடம்புக்குத்தான் தெரியும். அந்த உடம்பைப் பார்ப்பதுதான் இரண்டாவது வழி.

உடம்பு காட்டும் அடையாளம்

இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், ஆகவே சொல்கிறோம்.

கர்ப்பப்பை வாயில் ஒருவிதக் கசிவு சுரக்கிறது. மாதவிலக்கு நின்றதும் சில நாள் ஈரமில்லாமல் காய்ந்தாற்போல் இருக்கும். பிறகு கொஞ்சம் பசைபோலக் கெட்டியாக, வெண்மையாக வரும். முட்டை வெளிப்படும் நாள் நெருங்க நெருங்க அதிகமாகி, தெளிவாக, வழுவழுப்பாக, கோழி முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஆகும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் அறுந்து போகாமல் நூல்போல நீளும். அந்த வழுவழுப்பு இருக்கும் நாட்கள்தான் உரிய நாட்கள். விந்தணு உயிரோடு நீந்திப் போக அது வழி செய்து கொடுக்கிறது. வழுவழுப்பு கடைசியாக இருந்த நாளை ஒட்டித்தான் முட்டை வெளிப்படும். அதன்பின் மறுபடியும் கெட்டியாகிவிடும், அல்லது காய்ந்துவிடும்.

கழிவறைக்குப் போகும்போது துடைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்த்ததைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள். ஒன்று மட்டும்: சேர்ந்திருந்த மறுநாள் காலையில் பார்ப்பது குழப்பம் தரும். சற்று நேரம் கழித்துப் பாருங்கள்.

இந்த முறையை ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மருத்துவத் தம்பதியர் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் இருவரும் 1950-களிலிருந்து ஆராய்ந்து வளர்த்தார்கள். 'படிக்காத பெண்களுக்கு இதெல்லாம் புரியுமா?' என்று கேட்டவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. நியூசிலாந்து, இந்தியா, அயர்லாந்து, பிலிப்பீன்ஸ், எல் சல்வடோர் ஆகிய ஐந்து நாடுகளில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தியாவில் நடந்த இடம் பெங்களூர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1981-இல் வெளிவந்த முடிவின்படி நூற்றுக்கு 93 பேர் முதல் சுற்றிலேயே தங்கள் உடம்பின் அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். பள்ளிக்கூடம் போனவர், போகாதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

ஓர் எச்சரிக்கை. அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை இருந்தாலோ, தயிர் திரிந்தாற்போல், அல்லது மஞ்சள், பச்சை நிறத்தில் பட்டாலோ அது நாம் சொல்லும் கசிவு அல்ல, நோயின் அறிகுறி. வெட்கப்படாமல் கிளினிக்கில் மிஸியிடம் சொல்லுங்கள்.

காலை வெப்பமும் மருந்துக் கடைக் குச்சியும்

மூன்றாவது வழி உடம்பின் வெப்பத்தை அளப்பது. முட்டை வெளிப்பட்ட பிறகு பெண்ணின் உடல் வெப்பம் சிறிது கூடும், 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். தொட்டுப் பார்த்தால் தெரியாது. புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி இருந்தால் நல்லது. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், தண்ணீர் குடிக்காமல், பேசாமல், வாயில் வைத்து அளக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கடினமல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அசந்து தூங்கிவிட்டு எட்டு மணிக்கு அளந்தால் கணக்கு கெட்டுவிடும். இரவில் மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும்.

இதில் ஒரு குறை உண்டு. வெப்பம் கூடியது தெரிகிறபோது முட்டை வெளிப்பட்டு முடிந்திருக்கும். அந்த மாதத்துக்கு அது உதவாது. ஆனால் முட்டை வெளிப்படுகிறதா, எந்த வாக்கில் வெளிப்படுகிறது என்பதை இரண்டு மூன்று மாதத்தில் காட்டிக் கொடுத்துவிடும். கூடிய வெப்பம் 18 நாளுக்கு மேல் இறங்காமலே இருந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.

நாலாவது, மருந்துக் கடையில் விற்கும் சோதனைக் குச்சி. கர்ப்பம் பார்க்கும் குச்சியைப் போலவே சிறுநீரில் நனைப்பது. ஆனால் அது வேறு, இது வேறு, கேட்டு வாங்குங்கள். முட்டை வெளிப்படுவதற்கு ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்துக்கு முன் எல்.எச். என்ற சுரப்பு உடம்பில் திடீரென்று ஏறும். குச்சி அதைக் காட்டும். சோதனைக் கோடு, பக்கத்தில் உள்ள அடையாளக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் கணக்கு. மங்கலான கோடு கணக்கில்லை. அழுத்தமான கோடு விழுந்த அன்றும், மறுநாளும், அதற்கு மறுநாளும் விட்டுவிடக் கூடாத நாட்கள்.

எந்த நாளில் சோதிக்கத் தொடங்குவது? உங்கள் குறைந்த சுற்றிலிருந்து 17-ஐக் கழியுங்கள். 27 என்றால் 10-ஆம் நாள். தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அதிகம் தண்ணீர் குடிக்காதீர்கள். குடித்தால் கோடு மங்கிவிடும். சினைப்பையில் நீர்க்கட்டி என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இந்தக் குச்சி உங்களை ஏமாற்றக் கூடும். முட்டை வராமலே கோடு அழுத்தமாக விழும்.

நாலும் செய்ய வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. காலண்டரும் கசிவைக் கவனிப்பதும் போதும். தம்பதியர் ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பவர்களாயின் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று மாதம் முழுக்க இருந்தாலே போதும், கணக்கே தேவையில்லை. பலம் சேரட்டும் என்று ஆண்கள் பத்து நாள், பதினைந்து நாள் ஒதுங்கி இருப்பதில் ஒரு பயனும் இல்லை. நாள் கணக்கு பெரிதும் உதவுவது கணவன் வெளியூரிலும் மனைவி தோட்டத்திலுமாக இருக்கிறவர்களுக்கும், ஆளுக்கொரு ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கும்தான். அப்படிப்பட்டவர்கள் இன்று நம்மில் அதிகம்.

இந்தக் கணக்கைப் பிள்ளை வேண்டாம் என்பதற்குப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாமாகப் பார்த்துச் செய்தால் தவறிப் போகும். முறையாகக் கற்றுக்கொடுப்பவரிடமோ மருத்துவரிடமோ கேட்காமல் இறங்க வேண்டாம்.

பெரிய தவறு யாருடையது?

இப்போது முதலில் சொன்ன பெரிய தவறுக்கு வருவோம்.

அந்தச் சகோதரி மூன்று வருஷமாகத் தனியாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார். நமது கடிதத்துக்குப் பதிலாக அவர் இரண்டாவது தடவை எழுதியபோது இன்னும் சில விவரம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். இரத்தம் கொடுத்தவர் அவர். ஸ்கேன் எடுத்தவர் அவர். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரும் அவர்தான். வீட்டுக்காரர் ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. 'எனக்கென்ன குறை? நான் ஆம்பளை' என்று சொல்லிவிட்டாராம்.

ஆண்மை வேறு, விந்தணு வேறு. இதை நமது ஆண்கள் மனத்தில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். வாட்டசாட்டமாக, ஒரு நோயும் இல்லாமல், மனைவியோடு நன்றாகக் குடும்பம் நடத்துகிற மனிதனுக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆணின் பக்கத்துக் காரணமும் சேர்ந்திருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தச் சிக்கல் வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஆக இது பாவமும் அல்ல, சாபமும் அல்ல. காய்ச்சல் தலைவலி போல உடம்பில் வருகிற ஒன்று. பலருக்கு மருந்து உண்டு.

ஆணுக்குச் செய்யும் சோதனை எளிது. ஊசி இல்லை, கத்தி இல்லை. சில நாள் விலகியிருந்து ஒரு சிறு புட்டியில் விந்தைக் கொடுத்தால் போதும். பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளோ பல. சில வலி தருபவை. எளிதானதை முதலில் செய்யாமல், வலி தருவதையெல்லாம் மனைவிக்குச் செய்துவிட்டுக் கடைசியில் கணவனைத் தேடுவது எந்த ஊர் நியாயம்?

தோட்டத்தில் மருந்து அடிக்கும் தோழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1977-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பூச்சிமருந்து தயாரித்த தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டபோது யாருக்குமே சமீபத்தில் பிள்ளை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். சோதித்தால் பலருக்கு விந்தணு குறைந்தோ இல்லாமலோ போயிருந்தது. டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம். அதே மருந்து தெளித்த மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களிலும் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். எல்லா மருந்தும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்து கலக்காதீர்கள்; மருந்து பட்ட துணியோடு வீட்டுக்குள் வராதீர்கள்; குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

சிகரெட்டும் அளவுமீறிய குடியும் விந்தணுவைக் கெடுக்கும். உடம்பை முறுக்கேற்ற இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று குடியையும் புகையையும் விட்டால் அதன் பலன் மூன்றாம் மாதத்தில்தான் தெரியும். ஒரு வாரம் விட்டுப் பார்த்து, 'ஒண்ணும் ஆகலையே' என்று சொல்லக் கூடாது.

எத்தனை நாள் எண்ணலாம்?

எண்ணுவதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாம் சரியாக இருக்கும் இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். ஆகவே ஒரு மாதம் தவறியதும் இடிந்து போக வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்ட தம்பதிகளுக்குத் தங்கிவிடும்.

மனைவிக்கு வயது 35-க்குக் கீழ் என்றால் ஒரு வருஷம் முயலுங்கள். 35-க்கு மேல் என்றால் ஆறு மாதம். 40-ஐ நெருங்கியவர்கள் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருபவர்கள், 21 நாளுக்குள்ளோ 35 நாளுக்கு மேலோ வருபவர்கள், தாங்க முடியாத வலி உள்ளவர்கள், ஆணுக்குச் சிறு வயதில் விரை இறங்காமல் இருந்து சிகிச்சை செய்தவர்கள், இவர்களெல்லாம் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நமது சகோதரியின் எல்லை இரண்டு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே அவருக்கு நாம் எழுதிய பதில், 'கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கோடு நிற்காதீர்கள். இருவரும் சேர்ந்து போங்கள்' என்பதே.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். 1966-இல் தொடங்கப்பட்ட தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளிலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது அந்தக் காலண்டரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள். ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிள்ளைக்கு முயலும் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடுவது நல்லது. பிறக்கும் குழந்தையின் முதுகுத்தண்டைப் பாதிக்கும் குறையைத் தடுக்க அது உதவும். இனிப்புநீர், இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனத்துக்கு அது பலம். ஆனால் 'பூஜை போட்டால் நாற்பத்தெட்டு நாளில் பிள்ளை' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்குகிறவனிடம் போய் மாதச் சம்பளத்தைக் கொட்டாதீர்கள். அவன் கொடுக்கும் பெயர் தெரியாத சூரணத்தையும் சாப்பிடாதீர்கள்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்களும் ஒரு வீட்டுக்கு மருமகளாய் வந்தவர்கள்தான். 'காய்க்காத மரம்' என்ற சொல் உங்களுக்கு ஒரு நிமிஷப் பேச்சு. அவளுக்கு மூன்று வருஷத் தூக்கம். மரத்தைக் குறை சொல்லுமுன் உங்கள் மகனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தாய் சொன்னால் பிள்ளை கேட்பான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் வேளையில் அந்தச் சகோதரியிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. நாலே வரிதான். "ஐயா, நீங்க எழுதினதை அவருகிட்ட படிச்சுக் காட்டினேன். 'நான் எத்தனை தடவை போயிட்டு வந்துட்டேன், நீங்க ஒரு தடவை வாங்க'ன்னு சொன்னேன். ஒண்ணும் பேசலே. அடுத்த நாள் காலையில காலண்டர்ல வட்டம் போட்ட நாளைப் பார்த்து, எட்டாம் நாள்ல இருந்து லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டாரு. அந்த லீவுலயே ரெண்டு பேரும் கிளினிக் போறோம்."

முடிவு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாது. பிள்ளை பிறக்கலாம், தாமதமாகலாம், சிகிச்சை தேவைப்படலாம். ஆனால் இனிமேல் அந்த வீட்டில் நாள் எண்ணுவது இரண்டு பேர். உங்கள் வீட்டுக் காலண்டரிலும் சிவப்பு வட்டத்தை ஒருவர் போட்டால், அடுத்தவர் அதைப் பார்த்துக் கணக்கு வைக்கட்டும்.

அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.